எஸ்தெலிச் சுருட்டு

நிகராகுவா தேசத்தின் வடபகுதியில், எரிமலைகளின் கொடையாகக் கறுத்துச் செழித்த எஸ்தெலிப் பள்ளத்தாக்கின் மண்ணில் விளைந்து, செடியின் உச்சியில் நின்று மற்ற இலைகளைக் காட்டிலும் அதிகமாக வெயிலை உண்டு, தடித்து எண்ணெய்ப் பசை ஏறிய ‘லிகேரோ’ இலையே அந்நாட்டுக் கனத்த சுருட்டின் பிராணன். 1959-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் கியூபாவைவிட்டு வெளியேறிய புகையிலைக் குடும்பங்கள் சில இங்கே வந்து வேரூன்றியதில் வியப்பில்லை.

முதல் அங்குலத்தில் மிளகின் உறைப்பு மூக்குவரை ஏறும். அதை மட்டும் கொண்டு தரத்தைத் தீர்மானிப்பது அவசரபுத்தி. புகையை நெஞ்சுக்குள் இறக்காமல் வாயிலேயே நிறுத்தி, அதில் சிறு பகுதியை நாசி வழியே விடும்போது, மாதக்கணக்கில் அம்பாரமாய் அடுக்கப்பட்டுத் தன் சூட்டிலேயே பதம் பெற்ற இலையின் பக்குவம், கோக்கோவாகவும் வறுத்த காப்பிக்கொட்டையாகவும் தேவதாரு மரமாகவும் ஒன்றன்பின் ஒன்றாக விரிகிறதே, அந்தக் கிரமமான விரிவைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். லிகேரோ மெல்ல எரியும் சுபாவமுடையதாகையால், சுருட்டுபவர் அதை நடுவில் வைத்து, எளிதில் பற்றும் இலைகளால் சூழ்கிறார். அந்தக் கைத்திறன் தவறினால் தணல் கோணலாக ஓடும். என்ன அருமையான வேலை அது!

நிமிஷத்துக்கு ஓர் இழுப்புக்கு மேல் கூடாது. மீறினால் புகை சூடேறிக் கசந்துபோகும். கடைசிப் பகுதியிலும் இனிப்பு நீடிக்குமானால் அது உத்தமமான சுருட்டு. வெறும் வயிற்றில் மட்டும் இதைத் தொடலாகாது. நிக்கோடின் தலையைச் சுழற்றிவிடும்.