சின்னத்திரையில் தலைவன் கூற்று

அகப்பாடல்களைத் தலைவி கூற்று, தலைவன் கூற்று எனப் பிரித்துப் பயிற்றும் ஆசிரியர்க்கு, ‘அவுட்லாண்டர்’ தொலைக்காட்சித் தொடர் சுவையான ஆய்வுப்பொருளாகும். டயானா கபால்டனின் மூலப் புதினம் 1991இல் வந்தது. 1945ஆம் ஆண்டுச் செவிலி கிளேர், நெடுங்கற்களினூடே 1743ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் புகுந்து ஜேமியை மணக்கிறாள். கதை முழுவதும் அவள் கூற்றே. அதனால் பழங்காலம் பேசப்படுகிறது, தானாகப் பேசுவதில்லை.

2014இல் தொடங்கிய தொடரோ, ஒன்பதாம் பகுதியில் கதைசொல்லும் குரலை ஜேமியிடம் தருகிறது. மனைவியை அவன் வாரால் அடிக்கும் பகுதியும் அதுவே! அவன் காலத்து வழக்கம் நமக்கு விளங்குகிறது, அடி நியாயமாகிவிடவில்லை. மூலத்தினும் துணிவான மாற்றம் இது.

பேராக்கில் இத்தகைய கதைக்குக் களம் உண்டு. பத்து காஜா அருகே ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி கெல்லி ஸ்மித் எழுப்பிய மாளிகை, 1926இல் அவர் மறைந்தபின் முற்றுப்பெறாமலே நிற்கிறது. கட்டிய தமிழ்த் தொழிலாளர் பலர் கொள்ளைநோய்க்கு இரையாயினர். அங்கே படமெடுப்போர் துரைமார் காதலையும் பேய்க்கதையையும் நாடுதல் எளிது. அருகிலுள்ள மாரியம்மன் கோயிலை வேண்டிப் பெற்ற தொழிலாளிக்கு ஒரு பகுதியேனும் கூற்று வாய்க்குமா?