ஊர்க் கடிகாரங்களின் ஏடு

வெப் புரோகிராமிங்கில் தேதி, நேரம் என்றாலே பலருக்கும் எரிச்சல்தான் வரும். எனக்கோ அந்த மூலையில்தான் வாசிக்க வாசிக்கச் சலிக்காத ஓர் எழுத்து கிடைத்தது: டிஇசட் டேட்டாபேஸ். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். யாரும் திறந்து படிக்கக்கூடிய சாதாரண டெக்ஸ்ட் கோப்புகள்தான். எந்த ஊரில், எந்த நாளில், கடிகார முள்ளை எவ்வளவு நகர்த்தினார்கள் என்பதே அதன் விஷயம். 1980களில் ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கியது. பின்னர் பால் எகர்ட் பொறுப்பேற்று வளர்த்தது. லினக்ஸ் சர்வரும் ஆண்ட்ராய்டு போனும் உள்ளூர் மணி சொல்வது இதைப் பார்த்துத்தான்.

'ஏசியா/கொல்கத்தா' பதிவை எடுத்துக்கொள்வோம். இந்தியாவுக்கு ஒரே நேரம்தானே, ஒரு வரி போதாதா என்று தோன்றும். போதாது. 1906 ஜனவரி 1 வரை அங்கே நிற்பது மெட்ராஸ் நேரம்: கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 10 வினாடி முன்னால். அதன் பிறகுதான் நமக்குப் பழகிய ஐந்தரை மணி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஒரு மணி நேரம் கூட்டியதும், 1945இல் குறைத்ததும் தனித்தனி வரிகள். எனக்குப் பிடித்தது அந்தப் பத்து வினாடி. அவசரக்காரர் அதை வெட்டியிருப்பார். இங்கே அது பத்திரமாக இருக்கிறது.

பெயர் வைத்ததிலும் ஒரு நிதானம் உண்டு. ஐஎஸ்டி என்றால் இந்தியாவா, இஸ்ரேலா, அயர்லாந்தா? மூன்றுக்கும் அந்தச் சுருக்கம் பொருந்தும். நாட்டின் பெயரை வைத்தால் எல்லை மாறும்போது வம்பு. ஆகவே கண்டத்தையும் ஊரையும் சேர்த்துப் பெயரிட்டார்கள். ஊரின் பெயரே மாறினால் பழையதைத் தூக்கி எறிவதில்லை. 'ஏசியா/கல்கட்டா' என்று எழுதிய பழைய புரோகிராம் இன்றும் ஓடும்.

ஆனால் உண்மையான ருசி குறிப்பு வரிகளில் இருக்கிறது. கணினி தாண்டிப் போய்விடும் வரிகள் அவை, மனிதருக்காக எழுதியவை. இலங்கைப் பகுதியைப் பாருங்கள். 1996 மே மாதம் மின்தட்டுப்பாட்டைச் சமாளிக்க நேரத்தை ஒரு மணி முன்னே தள்ளினார்கள். அக்டோபரில் அரை மணி பின்வாங்கினார்கள். 2006இல் சித்திரைப் புத்தாண்டை ஒட்டி மீண்டும் ஐந்தரைக்கே திரும்பினார்கள். விடுதலைப் புலிகள் வசமிருந்த பகுதிகள் 1996 மாற்றத்தை ஏற்காமல் பழைய நேரத்திலேயே இருந்தன என்ற செய்தியும் அங்கே பதிவாகியிருக்கிறது. 'ஏசியா/கொழும்பு' என்ற ஒரே பதிவால் இரண்டு நேரத்தைச் சுமக்க முடியாது. தரவு வரி விட்டதைக் குறிப்பு வரி தாங்கிக்கொண்டது.

இதைப் படித்தவருக்கு ஒன்று உறைக்கும். ஊர் மணியைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடியாது. அது அரசாணை, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சமோவாவில் 2011 டிசம்பர் 29 வியாழன் முடிந்ததும் விடிந்தது 31 சனி. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வணிகத்தோடு கிழமை ஒத்துப்போகட்டும் என்று வெள்ளிக்கிழமையையே நீக்கிவிட்டார்கள். அங்கே வியாழன் காலை பத்து மணியோடு 24 மணி நேரம் கூட்டினால் சனி காலை பத்து!

ஜாவாஸ்கிரிப்ட்டின் பழைய 'டேட்' இந்த நுட்பத்துக்குக் காது கொடுக்கவில்லை. 1970 ஜனவரி 1 முதல் எத்தனை மில்லிவினாடி என்ற ஒரே எண்தான் அதன் உள்ளே. போதாததற்கு ஜனவரிக்கு எண் பூஜ்யம். புதிதாக வந்திருக்கும் 'டெம்போரல்' வேறு ஜாதி. ஒரு குறிப்பிட்ட கணம் ஒரு வகை, மணியில்லாத வெறும் தேதி ஒரு வகை, ஊரோடு சேர்ந்த நேரம் ஒரு வகை. பிறந்தநாளுக்கு டைம்ஸோன் கிடையாது என்ற எளிய உண்மை அதில் வடிவமைப்பாகவே இருக்கிறது.

கைதேர்ந்த புரோகிராமரை அடையாளம் காணவும் இங்கே ஓர் இடம் உண்டு. முடிந்துபோன பணப் பரிமாற்றத்தை உலகப் பொது நேரமான யூடிசியில் சேமிப்பார். அடுத்த ஆண்டு பெர்லினில் காலை பத்து மணிக்குக் கூட்டம் என்றால், 'யூரோப்/பெர்லின், காலை 10' என்றே எழுதி வைப்பார். இப்போதே யூடிசிக்கு மாற்றமாட்டார். கோடைக்கால நேர மாற்றத்தைக் கைவிட ஐரோப்பிய நாடாளுமன்றம் 2019லேயே வாக்களித்தது. நாடுகள் இன்னும் முடிவுக்கு வரவில்லை. வந்தால் அன்று டேட்டாபேஸில் ஒரு வரி கூடும், அவர் எழுதிய கோடில் ஓர் எழுத்தும் மாறாது. ஆண்டையும் ஓர் எழுத்தையும் பெயராகக் கொண்டு வரும் அந்தப் புதுப் பதிப்பைச் சர்வரில் ஏற்றினால் போதும்.