ரப்பர் பேண்ட் போட்ட மொழி

நாளை ஸ்பானிஷ் தேர்வு என்றால், அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் பலரின் கையில் ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு இருக்கும். மூன்றுக்கு ஐந்து அங்குல அட்டைகள். ஒரு பக்கம் ஸ்பானிஷ், மறுபக்கம் ஆங்கிலம். பட்டியலாகப் படித்தால் வரிசைதான் மனப்பாடமாகும். கலைத்துப் போட்டால்தான் சொல் பிடிபடும்.

சொல்லோடு அதன் பாலையும் எழுதாவிட்டால் மதிப்பெண் போகும். கை என்னும் ‘மானோ’ ஓகாரத்தில் முடிந்தும் பெண்பால். வரைபடமான ‘மாப்பா’ ஆகாரத்தில் முடிந்தும் ஆண்பால்.

செபாஸ்டியன் லைட்னர் 1972இல் தன் ஜெர்மன் நூலில் இத்தகைய அட்டைகளுக்கென அறைகள் கொண்ட ஒரு பெட்டி சொன்னார். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும். தவறிய அட்டை, அடிக்கடி புரட்டும் முதல் அறைக்கே திரும்பும். முரண்டு பிடிக்கும் சொல்லைத்தான் அடிக்கடி சந்திக்க நேரும். கடைசியில் மறக்காமல் நிற்பதும் அதுதான்.

அந்தக் கட்டில் தமிழ்ப் பிள்ளைக்கு மட்டும் ஓர் அட்டை இலவசம்: ‘மேசா’. போர்ச்சுகீசியர் வழியாக அது எப்போதோ ‘மேசை’யாக நம் வீட்டுக்குள் வந்துவிட்டதே!