ஐந்தின் வர்க்கமூலமும் ஆறு கிளை மரமும்

கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்த ராமானுஜன், 1916-இல் கேம்பிரிட்ஜில் இருந்தபோது வெளியிட்ட கட்டுரை ஒன்றில் டௌ என்ற சார்புக்கு ஒரு சிறு அட்டவணை தந்திருக்கிறார். 2-க்கு −24, 3-க்கு 252, 5-க்கு 4830, 6-க்கு −6048. 24-ஐ 252-ஆல் பெருக்கிப் பாருங்கள், 6048 வரும். குறியும் பொருந்தும். பொதுக் காரணி இல்லாத எந்த இரண்டு எண்களுக்கும் இந்தப் பொருத்தம் உண்டு என்பது அவர் ஊகம். மறு ஆண்டே மோர்டெல் அதை நிறுவிவிட்டார்.

கூடவே இன்னொரு ஊகம் இருந்தது. அவர் எழுதிய வடிவத்தைச் சற்று மாற்றிச் சொல்கிறேன். ஒரு பகா எண்ணுக்குரிய டௌ மதிப்பை அந்த எண்ணின் ஐந்தாம் அடுக்கால் வகுத்தால், விடையின் அளவு அதன் வர்க்கமூலத்தின் இரு மடங்கைத் தாண்டாது. 5-க்கு 4830-ஐ 3125-ஆல் வகுக்க வேண்டும், ஏறத்தாழ 1.55 வருகிறது. எல்லை 4.47. இதை நிறுவ 1974-இல் டெலின் வரவேண்டியிருந்தது.

அந்த 4.47 இன்னோர் இடத்திலும் தலைகாட்டுகிறது. எனக்கு இந்தக் கணிதத்தில் மிகவும் பிடித்த இடம் அதுதான்.

கல்லணையில் பிரியும் காவிரி, குடமுருட்டி, அரசலாறு என்று கிளைத்து, வாய்க்கால் வாய்க்காலாக வயலுக்குள் போகிறதே, அப்படிக் கிளைத்துக்கொண்டே போகும் ஒரு மரத்தை எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முனைக்கும் ஆறு அண்டை முனைகள். பிரிந்த கிளை மறுபடி சேராது, முடிவும் கிடையாது. ஆறு என்பது நானாக வைத்த எண் இல்லை. தளத்தில் ஒழுங்காகப் பரவிய ஒரு புள்ளிப் பின்னலுக்குள், ஐந்தில் ஒரு பங்கு அடர்த்தியுள்ள உட்பின்னல்கள் சரியாக ஆறு இருக்கின்றன. டௌ மதிப்புகளுக்குப் பின்னால் இருக்கும் ஹெக்கே செயலிகளில் 5-க்கு உரியது, அந்த ஆறு உட்பின்னல்களின் மேல்தான் கூட்டுகிறது. 4830 அந்தச் செயலி தரும் மதிப்பே.

இப்போது மரத்தின் முனைகளில் எண்களை வைப்போம். அப்படி வைக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு சார்பு. இரண்டு சார்புகளை முனைக்கு முனை பெருக்கிக் கூட்டினால் அது உட்பெருக்கம். நீளமும் செங்குத்தும் அதிலிருந்தே கிடைத்துவிடும். முதலில், முடிவுள்ள எண்ணிக்கையிலான முனைகளில் மட்டும் பூச்சியமல்லாத எண் உள்ள சார்புகளை அனுமதிப்போம். அவை சேர்ந்ததுதான் நம் வெளி. நடுமுனையில் 1, அண்டை ஆறிலும் 1/5, அடுத்த முப்பதிலும் 1/25 என்று சுற்றுச் சுற்றாக வைத்துக்கொண்டே போகலாம். எந்தச் சுற்றில் நிறுத்தினாலும் அந்தச் சார்பு நம் வெளிக்குள் இருக்கும். அவை ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டே போகின்றன. வர்க்கங்களின் கூட்டுத்தொகை 1.3-ஐ நோக்கிப் போகிறது. ஆனால் அவை சென்று சேரும் சார்புக்கு எல்லா முனையிலும் பூச்சியமல்லாத எண் உண்டு. அதனால் அது வெளிக்குள் இல்லை! இப்படி விடுபட்டவற்றையெல்லாம் சேர்த்துக்கொண்டதும் வெளி முழுமை பெறுகிறது. அதுதான் ஹில்பர்ட் வெளி. கண்டதையெல்லாம் அது சேர்ப்பதில்லை. வர்க்கங்களின் கூட்டுத்தொகை முடிவுள்ளதாக இருக்க வேண்டும்.

அந்தக் கண்டிப்பின் அழகைப் பாருங்கள். ஒவ்வொரு முனையிலும் அதன் ஆறு அண்டை எண்களின் கூட்டுத்தொகையை எழுதும் செயலியை எடுத்துக்கொள்வோம். எல்லா முனையிலும் 1 வைத்தால் எங்கும் 6 வரும். ஆனால் அந்தச் சார்பின் நீளம் முடிவிலி. அதற்கு உள்ளே இடமில்லை, ஆகவே ஆறு என்ற பெருக்கமும் போய்விட்டது. செயலி ஒரு சார்பின் நீளத்தைப் பெருக்கக்கூடிய உச்ச அளவாக எஞ்சுவது எவ்வளவு? ஐந்தின் வர்க்கமூலத்தின் இரு மடங்கு, அதாவது 4.47. குலங்களின் மேல் தற்போக்கு நடையை ஆராய்ந்த கெஸ்டனின் 1959-ஆம் ஆண்டுக் கட்டுரையிலிருந்து வரும் முடிவு இது. ராமானுஜன் போட்ட வேலியும் சரியாக அங்கேதான் நிற்கிறது.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. இந்தச் செயலியால் நீளம் சரியாக அந்த உச்ச மடங்காகும் சார்பு எதுவும் இந்த வெளியில் கிடையாது. எவ்வளவு வேண்டுமானாலும் நெருங்கலாம், தொட முடியாது. ஒரு செயலி வெறுமனே ஓர் எண்ணால் பெருக்கிவிடும் சார்பு ஐகன் சார்பு, அந்த எண் ஐகன் மதிப்பு. முடிவுள்ள சமச்சீர் அணிகளில் நிறமாலையை அறிய ஐகன் மதிப்புகளைப் பட்டியலிட்டால் போதும். இங்கே பட்டியல் காலி, ஆனாலும் −4.47 முதல் 4.47 வரை இடைவெளியின்றி நிறமாலை இருக்கிறது. ஐகன் சார்பே இல்லாத இத்தகைய செயலியையும் கூறு கூறாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைத் தேற்றம், வெளி முழுமையாக இருப்பதால்தான் நிற்கிறது. சார்புப் பகுப்பாய்வின் உயிர்நாடி அதில் இருக்கிறது.

1988-இல் லுபோட்ஸ்கி, ஃபிலிப்ஸ், சார்னாக் மூவரும், ஒவ்வொரு முனைக்கும் ஆறு இணைப்பே உள்ள முடிவுள்ள வலைகளை அமைத்தார்கள். 6, சில வலைகளில் −6, இவை தவிர மற்ற ஐகன் மதிப்புகள் எல்லாம் இந்த 4.47-க்குள் அடங்கும். அந்த வலைகளுக்கு ராமானுஜன் வரைபடங்கள் என்றே பெயர் வைத்தார்கள். மாஸ் வடிவங்கள் என்ற இன்னொரு வகைச் சார்புகளுக்கு ராமானுஜனின் அந்த எல்லை ஊகம் இன்னும் நிறுவப்படவில்லை.

காவிரி டெல்டாவின் கல்லூரிகளில் முதுகலை மாணவர்களுக்கு ஹில்பர்ட் வெளி நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரையறையை எழுதிய கையோடு இந்த ஆறு கிளை மரத்தையும் கரும்பலகையில் வரைந்து காட்டுங்கள்.