வெள்ளியும் செம்பும்: ‘நொஸ்ட்ரோமோ’ நாவல் பற்றிய ஒரு நோக்கு

அந்நிய முதலீடு நுழையும் நாட்டிலே ஒழுங்கும் நீதியும் தாமாகவே பின்தொடரும் என்னும் நம்பிக்கை, இன்றைய பொருளியல் அறிக்கைகள் பலவற்றின் அடித்தளமாக விளங்குகின்றது. இந்நம்பிக்கையை நூறாண்டுகளுக்கு முன்பே சோதனைக்குட்படுத்திய ஆக்கமாக ஜோசப் கொன்றாட்டின் ‘நொஸ்ட்ரோமோ’ (1904) என்னும் ஆங்கில நாவலைக் கொள்ளலாம். அந்நாவல் எதனைக் கண்டது, எதனைக் காணத் தவறியது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கதை, கொஸ்தகுவானா என்னும் கற்பனைத் தென்னமெரிக்கக் குடியரசில் நிகழ்கின்றது. ஆட்சியாளர் பலவந்தமாகப் பெற்ற கடன்களுக்கு ஈடாகச் சுலாகோ மாகாணத்தின் கைவிடப்பட்ட வெள்ளிச் சுரங்கமொன்றை, அங்கு குடியேறிய ஆங்கில வம்சாவளிக் குடும்பமொன்றின் தலையிற் கட்டுகின்றனர். அச்சுமையால் தந்தை மனமுடைந்து மடிகின்றார். மகன் சாள்ஸ் கூல்ட், சான் பிரான்சிஸ்கோவின் பெருமுதலாளி ஹொல்றோய்டின் பணத்தைக் கொண்டு சுரங்கத்தை மீண்டும் இயக்குகின்றான். பொருள் நலன்கள் வேரூன்றினால், தமது பாதுகாப்பின் பொருட்டேனும் அவை சட்டத்தையும் அமைதியையும் கோரும். அவ்வமைதி பின்னர் ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் உரியதாகும் என்பது அவனது வாதம்.

கூல்டைக் கொன்றாட் கயவனாகப் படைக்கவில்லை. அவன் நேர்மையாளன். நேர்மையாளன் ஒருவனைச் சுரங்கம் எங்கே கொண்டு செல்கின்றது என்பதே நாவலின் வினா. முதலிலே கையூட்டு, அடுத்து, தனக்கு உகந்த அரசொன்றை ஆட்சியிலமர்த்தப் பணவுதவி, கலகம் மூண்டபோது சுரங்கத்தையே தகர்க்க வெடிமருந்து, இறுதியில் மாகாணத்தின் பிரிவினை. புதிய குடியரசின் கொடிக்கு முதல் வணக்கம் செலுத்துவது ஐக்கிய அமெரிக்கப் போர்க்கப்பலாகும். கொன்றாட் இந்நாவலை எழுதிக்கொண்டிருந்த 1903 நவம்பரிலேதான் ஐக்கிய அமெரிக்காவின் ஆதரவுடன் பனாமா, கொலம்பியாவிலிருந்து பிரிந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. சுலாகோ செழிப்படைகின்றது. ஆயினும், முன்னைய கொடுங்கோன்மையைப் போலவே இச்சுரங்கமும் ஒரு நாள் மக்கள்மீது பாரமாக அழுத்தும் என மருத்துவர் மொனிகம் எச்சரிக்கின்றார். முதலீட்டின் தர்க்கத்தை இத்துணைத் தெளிவாக விளக்கிய நாவல்கள் மிகச் சிலவே.

எனினும், நாவலின் பார்வைக்கு ஓர் எல்லை உண்டு. சுரங்கத் தொழிலாளரான ஆதிக்குடிகள் வாழும் ஊர்களுக்குப் பெயர்களில்லை. முதலாம் ஊர், இரண்டாம் ஊர், மூன்றாம் ஊர் என்னும் எண்களே உள்ளன. கூல்டைக் காக்க அவர்கள் அணிவகுத்து வருகின்றனர். ஆனால், சுரங்கத்தைப் பற்றி அவர்கள் என்ன எண்ணினர் என்பதை நாம் அறிவதில்லை. சுரங்க நிருவாகத்தின் பார்வையை எள்ளுவதற்கே கொன்றாட் இவ்வாறு எழுதினார் என வாதிடலாம். அவ்வாறாயின், அவர்களுள் ஒருவரின் அகத்திற்குள்ளேனும் நாவல் நுழைந்திருத்தல் வேண்டும். அது நிகழவில்லை.

இதனை வெறும் இலக்கியக் குறையாகக் கருதுதல் ஆகாது. கொன்றாட் கண்டதும் காணாததும் இன்றைய உலகிலே அருகருகே நிற்பதற்கு மொங்கோலியா தக்க சான்றாகும். ருஷ்யாவுக்கும் சீனாவுக்கும் இடையே கடலின்றி அமைந்த அந்நாடு, மூன்றாம் அயலவரைத் தேடும் கொள்கையுடன் மேலை முதலீட்டை வரவேற்றது. ஓயு தொல்கோய் செப்புச் சுரங்கத்திற்கான உடன்படிக்கை 2009இல் கைச்சாத்தானது. அரசுக்குரிய பங்கு 34 வீதம். ஆனால், அப்பங்கிற்கான முதலைப் பங்காளிக் கொம்பனியே வட்டிக்குக் கடனாக வழங்கியது. 2011இல் 17 வீதம் வளர்ந்த பொருளாதாரம் 2016இல் 2 வீதத்திற்கும் கீழே சரிந்தது. 2017இல் நாடு சர்வதேச நாணய நிதியத்தை நாடியது. இலாபப் பங்கு கைக்கு எட்டுமுன்னரே கடன் பெருகிற்று. நீண்ட பிணக்கின் பின்னர், 2022இல், ஏறத்தாழ 240 கோடி டொலர் கடனைக் கொம்பனி தள்ளுபடி செய்தது. மூன்றாம் அயலவரைத் தேடிப் பெற்ற செம்போ சீனாவுக்கே செல்கின்றது. கூல்டின் தந்தைமீது சுமத்தப்பட்ட சுரங்கத்தை இங்கு நினைவுகூராதிருக்க முடியாது. நாவலில் அரசு தனிமனிதனைச் சுரங்கத்தாற் கடனாளியாக்கிற்று; இங்கே சுரங்கம் அரசையே கடனாளியாக்கிற்று.

ஆனால், மொங்கோலியாவிலே எண்ணிடப்பட்ட ஊர்கள் வாய் திறந்தன. உன்தாய் ஆறு திசைதிருப்பப்பட்டமை, மேய்ச்சல் நிலம் சுருங்கியமை ஆகியவற்றை எதிர்த்துக் கோபிப் பாலைநில இடையர்கள், சுரங்கத்திற்கு நிதி வழங்கிய உலக வங்கிக் குழுமத்தின் குறைகேள் அலுவலகத்தில் 2012இலும் 2013இலும் முறையிட்டனர். 2017இல் இடையர், உள்ளூராட்சி, கொம்பனி ஆகிய முத்தரப்பினரிடையே உடன்பாடு எட்டப்பட்டது. ஒழுங்கு முதலீட்டைத் தானாகப் பின்தொடர்ந்து வரவில்லை, கேட்டுப் பெறப்பட்டது. கொன்றாட்டின் நாவலில் எழுதப்படாத அத்தியாயம் இதுவே.

இத்தகைய நாடுகளை முதலீட்டாளர் ‘எல்லைப்புறச் சந்தைகள்’ என வகுப்பர். இலங்கையின் பங்குச் சந்தையும் அவ்வகையிலேயே அடங்கும். எவருடைய எல்லைப்புறம் என்னும் வினா அச்சொல்லுள் மறைந்துள்ளது. ஆட்டு மந்தையுடன் கோபியிலே நிற்பவனுக்கு அது எல்லைப்புறமன்று, வாழிடம். கூல்டின் கணக்கேட்டிலே அவனுக்கு இடமில்லை. கொன்றாட்டின் கலையும் அவனை எட்டவில்லை. ‘நொஸ்ட்ரோமோ’வை இன்று பயில்வோர் அதன் தெளிவைப் போற்றுவதோடு அதன் மௌனத்தையும் சேர்த்தே வாசித்தல் வேண்டும்.