நிறுத்தத் தெரிந்த விரல்

ஜெனரேட்டர் முடுக்கி மேடைக்கு மின்சாரம் வந்ததும் முதலில் கேட்பது பாடகரின் குரலல்ல, இரைச்சல். புத்தளம் மாவட்டக் கரையோரத்தில், மாரவிலையிலோ சிலாபத்திலோ கற்பிட்டியிலோ, திறந்தவெளி மேடை ஏறிய எந்த பேஸ் கிற்றார்காரருக்கும் அந்த ‘ம்ம்ம்’ பழகிப்போன ஒன்று. இலங்கை மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹேர்ட்ஸ். பேஸின் தடித்த ‘ஈ’ கம்பியை மூன்றாவது ஃபிரெட்டில் அழுத்தினால் எழும் ‘ஜி’ சுரம் 49 ஹேர்ட்ஸ். இரைச்சலை அடக்காமல் அந்த ‘ஜி’யை நீட்டி வாசித்தால் இரண்டும் உரசி, வினாடிக்கு ஒருமுறை ஒலி ஏறி இறங்கும். பாட்டின் தாளத்துக்குச் சம்பந்தமே இல்லாத தள்ளாட்டம் அது. சின்ன ஜெனரேட்டர் என்றால், விளக்குகள் கூடக் கூட அதன் வேகம் தளர்ந்து தள்ளாட்டமும் மாறிக்கொண்டே இருக்கும்.

மருந்து கையிலேயே இருக்கிறது. லியோ ஃபெண்டர் 1951இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸின் பிக்கப்பில் ஒரே சுருள்தான். அது இரைச்சலையும் சேர்த்தே பிடித்தது. 1957இல் அந்தச் சுருளை இரண்டாகப் பிளந்து எதிரெதிராக இணைத்ததும் இரைச்சல் தன்னைத்தானே அடித்துக்கொண்டு ஓய்ந்தது. 1960இல் வந்த ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப். இரண்டின் குமிழ்களையும் முழுதாகத் திறந்தால்தான் அந்த அமைதி. ஒன்றை மட்டும் குறைத்தால் இரைச்சல் திரும்பிவிடும். பழைய ஜாஸ் பேஸோடு மேடை ஏறுகிறவர் இதை அறிந்திருந்தால் பாதிச் சண்டை தீர்ந்தது. மீதியை டிஐ பெட்டியின் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தான் பார்த்துக்கொள்ளும். அவசரத்தில் ஆம்பின் எர்த் வயரை வெட்டிவிட்டு வாசிப்பவர்களும் உண்டு. கம்பியில் விரலும் மைக்கில் உதடும் ஒரே நேரத்தில் படும் மேடையில் அது உயிரோடு விளையாடுவது, யாரும் செய்யக்கூடாது.

ஆனால் இந்தக் கரையின் பேஸ் வாசிப்பில் ரசிக்க வேண்டியது கருவிக்கு அப்பால் இருக்கிறது. சுரத்தை எழுப்பும் விரல் எல்லோரிடமும் உண்டு. எழுப்பிய சுரத்தை எந்த இடத்தில் துண்டிப்பது என்று தெரிந்த விரல்தான் அபூர்வம்.

அந்தப் பாடத்தைக் கற்றுத்தர புத்தளத்துக்குப் பக்கத்திலேயே ஓர் ஊர் இருக்கிறது. சிராம்பியடியில் வாழும் ஆபிரிக்க வம்சாவளி மக்கள், பிரித்தானியரின் மூன்றாம் இலங்கைப் படைப்பிரிவு 19ஆம் நூற்றாண்டில் கலைக்கப்பட்டபின் இப்பகுதியில் குடியமர்ந்தவர்களின் வழிவந்தோர். அவர்கள் பாடும் மஞ்சா, போர்த்துக்கேயக் கிரியோல் மொழியில் அமைந்த பாட்டு. மத்தளமும் ரபானும் முழங்க, சிரட்டைகள் தட்ட, கண்ணாடிப் போத்தலில் கரண்டி கிணுகிணுக்க, நிதானமாகத் தொடங்கி வேகம் பிடித்து ஏறும். கிற்றார் தேவையில்லை, பேஸ் தேவையில்லை. அடிக்குரலைத் தருவது தோல்தான். தோல் அடித்ததும் பேசும், உடனே அடங்கும். அது அடங்கிய இடைவெளியில்தான் சிரட்டைச் சத்தமும் கைதட்டும் புகுந்து விளையாடுகின்றன.

இந்த மக்களின் தாளமும் போர்த்துக்கேயரின் பாட்டும் கலந்த கஃப்ரிஞ்ஞாவிலிருந்து பைலா கிளைத்தது. பொலிஸ் உத்தியோகம் பார்த்த வாலி பஸ்தியன் 1940களில் அதைச் சிங்களப் பாட்டாக மேடைக்குக் கொண்டுவந்தார். தமிழில் நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’யும், ஏ.ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’யும் அந்த நடையைக் கடல் தாண்டிக் கொண்டுபோயின. எண்ணிக்கை ஆறு. நம் கணக்கில் திஸ்ரம்: தகிட தகிட. பேஸ் இரண்டு ‘த’விலும் காலூன்றும். கடைசி ‘ட’வில் அடுத்த சுற்றுக்கு ஒரு சின்ன இழுப்புக் கொடுக்கும். இடையில் உள்ள ‘கி’யில் அது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அங்கே கிற்றாரின் மேல்நோக்கிய உரசலும் கொங்காவின் குறுக்கு அடியும் ஓடிக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் பேஸ் சுரம் வழிந்து கிடந்தால் ஆடுகிற கால் தடுக்கும். ஏன் தடுக்கிறது என்று ஆடுகிறவருக்குத் தெரியாது. ஆனால் நாற்காலிக்குத் திரும்பிவிடுவார்.

கம்பியைக் கிட்ட நின்று பார்த்தால் இன்னொன்று புரியும். உப்பளமும் களப்பும் கடலும் சூழ்ந்த ஊர்களில் கம்பி வெகு சீக்கிரம் களைத்துப்போகிறது. சுற்றுக் கம்பியின் வரிகளுக்குள் வியர்வையும் உப்புக் காற்றும் இறங்கி, வெள்ளிப் பளபளப்பு மங்கிச் சாம்பல் நிறமாகும். முதலில் உயர் ஒலிகள் போகும், பிறகு நீட்சி போகும். நல்ல பேஸ் கம்பிக் கட்டு மலிவான பொருளல்ல. வாசித்து முடிந்ததும் ஒவ்வொரு கம்பியையும் துணியால் கிள்ளிப் பிடித்து, அடிப்பக்கமும் சேர்த்துத் துடைத்துவிட்டு உறையில் போடுகிறவர்களின் கம்பி கூடுதல் காலம் உழைக்கும். சிலர் கழற்றி ஸ்பிரிட்டில் ஊறவைத்து மீண்டும் மாட்டுவார்கள். கொஞ்ச நாளைக்குப் பளிச்சென்று பேசும்.

ஆனாலும் களைத்த கம்பியைக் குறையாகவே நினைக்க வேண்டியதில்லை. டெட்ராயிட்டின் மோட்டவுன் பாட்டுகளுக்கு உயிர்கொடுத்த ஜேம்ஸ் ஜேமர்சன் 1962ஆம் ஆண்டு பிரிசிஷன் பேஸில் தடித்த லா பெல்லா தட்டைக் கம்பிகளை மாட்டி, அறுந்தாலொழிய மாற்றாமல், வலக்கையின் சுட்டுவிரல் ஒன்றாலேயே வாசித்தார். பிரிட்ஜ் மூடிக்குள் இருந்த பஞ்சு கம்பியை மெல்ல அமுக்கிப் பிடித்தது. சுரம் தொம்மென்று விழுந்து உடனே அடங்கியது. அவர் தேடி வைத்துக்கொண்ட அந்தக் குணத்தைப் புத்தளம் காற்று இலவசமாகத் தருகிறது. பைலாவுக்கு அது வரப்பிரசாதம். கம்பி இன்னும் புதிதாக இருந்தால், பாத்திரம் கழுவும் பஞ்சில் ஒரு கீற்று வெட்டிப் பிரிட்ஜுக்கு முன்னால் கம்பிகளுக்கு அடியில் செருகினால் போதும். விலையுயர்ந்த பெடல் எதுவும் இந்த வேலையை இவ்வளவு நன்றாகச் செய்யாது.

ஆம்ப் விஷயத்தில் காலம் மாறிவிட்டது. 1969இல் வந்த ஆம்பெக் எஸ்விடி 300 வாட்ஸ் தந்தது. அதன் தலைப்பெட்டி மட்டும் முப்பத்தைந்து கிலோவுக்கு மேல். இன்று அதைவிடக் கூடுதல் வாட்ஸ் தரும் தலைப்பெட்டி தோள்பைக்குள் அடங்குகிறது. பகலில் பள்ளிக்கூடத்திலோ கடையிலோ வேலை பார்த்துவிட்டு, வார இறுதியில் முச்சக்கர வண்டியிலேறி மேடைக்குப் போகிறவருக்கு இது பெரிய விடுதலை.

இடம்தான் இன்னும் பாடாய்ப்படுத்துகிறது. ‘ஈ’ கம்பியின் திறந்த சுரம் 41 ஹேர்ட்ஸ். காற்றில் அதன் ஒரு அலையின் நீளம் எட்டு மீற்றருக்கு மேல். சீமெந்துத் தரையும் தகரக் கூரையும் கொண்ட கலியாண மண்டபத்தில் சுவருக்குச் சுவர் மோதி, சில சுரங்கள் மட்டும் பூதமாக வீங்கும், சில காணாமல் போகும். மிக்ஸரில் உட்கார்ந்திருப்பவர் ஒவ்வொன்றாகக் குறைத்துப் பார்ப்பார். வாசிப்பவர் கையில் அதைவிட நல்ல வைத்தியம் உண்டு: அந்த வீக்கம் திரண்டெழக் கொஞ்ச நேரம் வேண்டும், சுரத்தைக் குறுக்கினால் அது திரளவே நேரமிருக்காது. நிறுத்தத் தெரிந்த விரல் மண்டபத்தையே திருத்திவிடுகிறது.

வெளியே, தலவில அன்னம்மாள் ஆலயம் இருக்கும் கற்பிட்டிப் பக்கத்து மணல்வெளியில், நிலைமை தலைகீழ். மோதிக்கொள்ளச் சுவரே இல்லை. பேஸ் எங்கோ போய்விட்டது போலிருக்கும், வாசிப்பவர் ஒலியைக் கூட்டுவார், சப் ஸ்பீக்கர் கதறும். சப் பெட்டிகளை மேடையின் இரு ஓரத்திலும் பிரித்து வைப்பதுதான் வழக்கம்; பார்க்க அழகு, கேட்க மோசம். நடுவில் நிற்பவருக்கு நெஞ்சு அதிரும், நாலடி தள்ளி நிற்பவருக்கு ஒன்றும் இராது. இரண்டையும் தரையில் ஒன்றோடொன்று ஒட்டி நடுவில் வைத்தால் ஒன்றுக்கொன்று துணைநின்று, அதே வாட்ஸில் எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே பேஸ் கிடைக்கும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் காற்று வீசும் காலத்தில் பாடகர்களின் மைக்குகளுக்கு லோ கட் போட்டே ஆகவேண்டும். இல்லாவிட்டால் மைக்கில் மோதும் காற்றின் உறுமல், பேஸ் நிற்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இக்கரையின் தமிழ்க் கலியாண மேடைகளில் பேஸ்காரர் இரண்டு மனிதராக மாறவேண்டியிருக்கிறது. முன்னிரவில் இளையராஜா. ராஜாவின் இசையில் பேஸ் வெறும் தாங்குதூண் இல்லை. ‘பயணங்கள் முடிவதில்லை’ (1982) படத்து ‘இளைய நிலா’வைக் காதொலிப்பானில் கேட்டால், பாடகரின் வரிக்குக் கீழே அது தனி மெட்டாகவே நடந்துபோவது தெரியும். அங்கே சுரத்தை வெட்டினால் பாட்டு காய்ந்துபோகும். இடக்கை விரல் அடுத்த இடத்தைத் தொடும்வரை முந்தைய சுரம் உயிரோடு இருக்க வேண்டும். சாப்பாடு முடிந்ததும் பைலா. அதே கை, அதே கம்பி, ஆனால் எல்லாம் குறுகி, தோல் வாத்தியமாக வேண்டும். நல்ல பேஸ்காரரை அடையாளம் காண அந்தத் தாவலைக் கவனித்தால் போதும். டிரம்ஸ் மட்டும் ஓடும் அந்தச் சில வினாடிகளில் அவர் டோன் குமிழைப் பாதி மூடி, வலது உள்ளங்கையின் ஓரத்தைப் பிரிட்ஜில் சாய்த்து, பாடகர் விரல்மடக்கிக் காட்டும் அடுத்த சுருதியைப் பார்த்துக்கொண்டு, முதல் ‘த’வுக்குக் காத்திருப்பார்.