அச்சமும் அடைக்கலமும்: இரட்சணிய யாத்திரிகம் பற்றி ஒரு நோக்கு

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாட்டினுள் அச்சத்தையும் வைத்து, அது பிறக்கும் களங்களை அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்காக வகுத்தார். இந்நான்கும் ஒருங்கே அமைந்த காப்பியம் எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் (1894). அச்சத்தை விசுவாசம் வெல்லும் முறையை அதனுள் எவ்வாறு காண்கிறோம் என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

இதன் மூலநூல் ஜோன் பனியன் 1678இல் வெளியிட்ட உருவகக் கதை. பனியன் தம் சமயக் கொள்கைக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிருந்தவர். கிருஷ்ணபிள்ளையோ வைணவக் குடும்பத்திற் பிறந்து, கம்பனிற் தோய்ந்து, 1858இல் ஞானஸ்நானம் பெற்றவர். பிறந்த நெறியை விட்டுப் புதுநெறி புகுவோனின் கலக்கத்தை அவர் ஏட்டளவில் மட்டும் அறிந்தவரல்லர்.

வில்லேந்திய தலைவரைப் பாடிய மரபிலே, இக்காப்பியத்தின் தலைவன் நடுங்கி ஓடுபவனாக அறிமுகமாகிறான். அவனது முதல் அச்சம் தம் இறை பற்றியது. பாவச்சுமையும் வரவிருக்கும் தீர்ப்பும் அதன் காரணங்கள். சுமை சிலுவையடியில் வீழ்ந்த பின்னரும் ஏனைய அச்சங்கள் ஒழிந்துவிடவில்லை. பேயுருக் கொண்ட பகைவன் வழிமறிக்கிறான். கள்வரிடம் பொருளிழந்த பயணியின் கதை செவிப்படுகிறது. இருமருங்கும் சிங்கங்கள் நிற்கின்றன. சிங்கங்கள் சங்கிலியிற் பிணிக்கப்பட்டவை. ஆயின் பயணியின் கண்ணுக்குச் சங்கிலி தெரியவில்லை. வாயிற்காவலனின் சொல்லை நம்பி அவன் நடுங்கியவாறே நடக்கிறான். விசுவாசத்தின் இலக்கணத்தை இக்காட்சி நன்கு புலப்படுத்துகின்றது.

பனியன் சில வரிகளிற் கடந்த சிலுவைக் காட்சியைக் கிருஷ்ணபிள்ளை கிறிஸ்துவின் பாடுகளாக விரித்துப் பாடினார். தீர்ப்பிடவேண்டியவரே தீர்ப்புக்குள்ளாகி நிற்பதைக் காணும்போது, இறை பற்றிய அச்சம் அன்பாக மாறுகின்றது. இவ்விரிவு காப்பியத்திற்கு உயிர் தருவது. எனினும், கம்பன் வழிவந்த அணிகளும் விருத்தத்தின் ஓசையும் சிலவிடத்து நடுக்கத்தைத் தணித்துவிடுகின்றன. பனியனின் எளிய உரைநடையில் அச்சம் சட்டென நெஞ்சைத் தாக்குகிறது.

சம்மாந்துறையிற் பிறந்த முஸ்லிம் வாசகனாகிய எனக்குச் சிலுவை பற்றிய இவ்விசுவாசம் உரியதன்று. ஆயின், இறைவனுக்கு அஞ்சுவோன் பிறிதொன்றுக்கும் அஞ்சான் என்பதைப் பள்ளிவாசலிற் கேட்டே வளர்ந்தேன். அதனால் இக்காப்பியம் எனக்கு அந்நியமாகவில்லை. 1990இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும், 2019இல் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் வழிபடச் சென்றோர் கொல்லப்பட்டனர். தொல்காப்பியர் வகுத்த நான்கினுள் அடங்காத ஐந்தாவது அச்சம் ஒன்றை, அதாவது அயலவனுக்கு அஞ்சும் அச்சத்தை, எம் மண் இவ்வாறு அறிந்துகொண்டது.

இதற்கும் கதையில் ஒரு விடை உண்டு. ஐயக் கோட்டையிற் சிறைப்பட்டுச் சாகத் துணிந்த பயணியை உடன்சிறையிருந்த தோழனின் சொல்லே உயிரோடு வைத்திருந்தது. கதவைத் திறக்கும் திறவுகோல் தன் மடியிலேயே இருந்ததை அவன் நினைவுகூர்ந்தது அதன் பின்னரே. அத்தகைய தோழமையை அயலவரிடத்தும் நாடுமாறு தூண்டுவதே இந்நூல் இன்று எமக்குத் தரும் பயன் எனலாம்.